அலை வரும் படத்தை அம்மா இருக்கும் வீட்டில் போடலாமா?

பாண்டிருப்பிலிருந்து எழுதியிருக்கும் சகோதரி கேட்டிருப்பது இதுதான். அவருடைய பதினைந்து வயது மகன், 2004 ஆழிப்பேரலையைப் பற்றிய 'தி இம்பொசிபிள்' என்ற படத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டிருக்கிறான். அலை வரும் காட்சி தொடங்கியதும், அடுப்படியில் இருந்த அவனுடைய அம்மம்மா ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து வளவுக்குள் போய், படம் முடியும் வரைக்கும் கிணற்றடியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அன்றைக்குத் தம் இளைய மகனைக் கடலுக்குக் கொடுத்தவர் அவர். "படந்தானே, பார்க்கப் பார்க்கப் பழகிவிடும்" என்பது சகோதரியின் கணவர் கருத்து. இப்படியான படங்களைப் பார்ப்பது பிழையா, அம்மாவையும் பக்கத்தில் இருத்தி மெல்ல மெல்லப் பழக்கப்படுத்தலாமா என்று அவர் கேட்கிறார். இவை இரண்டு கேள்விகள் போலத் தோன்றினாலும், அந்த நாளை நேரில் கண்டவரும் அதற்குப் பின் பிறந்தவனும் ஒரே கூரையின் கீழ், ஒரே தொலைக்காட்சியின் முன்னால் எப்படி இருப்பது என்பதே அவருடைய உண்மையான கவலை என்று எனக்குப் படுகிறது.

நான் 2005ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் உளவளத்துணையாளராக வேலை செய்து வருகிறேன். பாடசாலைக் கட்டடங்களில் இயங்கிய முகாம்களில் பாயில் உட்கார்ந்து கேட்டவையே என் முதற் பயிற்சி. சான்றிதழ்கள் பிறகு வந்தன. நான் வைத்தியர் அல்லன் என்பதால் மருந்து பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை. இன்னொரு குறையையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். என்னிடம் வருபவர்கள் தூக்கம் கெட்டவர்கள். இப்படிப்பட்ட ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்தவர்கள் என்னைத் தேடி வர வேண்டிய தேவையில்லை. ஆகவே என் அனுபவம் ஒரு பக்கம் சாய்ந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே வருவதை வாசியுங்கள்.

முதலில், உறுதியாகச் சொல்லக் கூடியவை. படம் பார்ப்பதனால் மட்டும் ஒருவருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் உண்டாகிறது என்று எங்கள் துறை கருதுவதில்லை. 2013இல் வெளிவந்த அமெரிக்க உளநல வகைப்பாட்டு நூல், தொலைக்காட்சி, திரைப்படம், படங்கள் வழியாகக் கண்டதை, அது ஒருவரின் தொழிலின் பகுதியாக இருந்தாலன்றி, அந்நோய்க்குரிய காரணமாக எடுக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆகையால் உங்கள் மகன் ஒரு படத்தைப் பார்த்ததனால் அவனுக்கு நோய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அதே 2013இல் பொஸ்டன் நகர மரதன் ஓட்டத்தில் குண்டு வெடித்த பிறகு செய்யப்பட்ட ஓர் ஆய்வு, அடுத்த வாரம் முழுவதும் நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலமோ அதற்கு மேலோ அச்செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களை விடக் கூடுதலான மனநெருக்கீட்டைச் சொன்னதாகக் கண்டது. இதைக் காட்டிப் "பார்த்தாயா, தொலைக்காட்சிதான் கேடு" என்று வாதிடுவோர் உண்டு. அந்த ஆய்வு செய்தி ஒளிபரப்பைப் பற்றியது, திரைக்கதையைப் பற்றியதன்று. மேலும், ஏற்கெனவே கலங்கியிருப்பவரே கூடுதலாகச் செய்தி பார்க்கிறார் என்பதும் நடக்கக் கூடியதே. முடிவும் கதையும் உள்ள இரண்டு மணி நேரப் படத்துக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

பழக்கப்படுத்துவது என்ற யோசனைக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் கேள்வியில் எனக்குப் பயத்தைத் தந்த சொல் அதுதான். உங்கள் கணவர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கிய ஒரு சிகிச்சை முறையில், அஞ்சும் நினைவுக்குள் நோயாளி திரும்பத் திரும்பப் போய் வருகிறார். பலருக்கு அது பலன் தந்திருக்கிறது. ஆனால் அங்கே அவர் சொல்வது தம்முடைய சொந்த நினைவை, தம்முடைய வாயால், தாம் சம்மதித்த வேகத்தில். பக்கத்தில் பயின்ற ஒருவர் இருக்கிறார். கலக்கம் எவ்வளவு என்று இடையிடையே கேட்கிறார். ஒவ்வொரு அமர்வும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், அப்படி எட்டு முதல் பதினைந்து அமர்வுகள். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் ஒரு தாயின் காதில், வேறு யாரோ எடுத்த படத்தின் அலை, வேறு யாரோ முடிவு செய்த நேரத்தில் வந்து விழுவது அதற்கு நேர்மாறானது. முதலாவதில் நிறுத்தும் உரிமை பாதிக்கப்பட்டவரிடம் இருக்கிறது. இரண்டாவதில் ரிமோட் பேரனின் கையில் இருக்கிறது. அந்த நாளில் அவருக்கு நடந்ததும் அதுதானே: வந்தது அவர் கேட்டு வரவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. பழகட்டும் என்று பக்கத்தில் இருத்தினால் அதே அனுபவத்தைத்தான் சிறிய அளவில் மறுபடி கொடுக்கிறீர்கள்.

இப்படி நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட பிழைகளை 2005இல் நிறையக் கண்டோம். எங்கிருந்தோ வந்தவர்கள் ஒரு மாலை நேரத்தில் முகாமில் ஆட்களை வட்டமாக இருத்தி, நடந்தது அனைத்தையும் ஒரே அமர்வில் கொட்டச் சொல்லிவிட்டு, அடுத்த நாள் அடுத்த முகாமுக்குப் போனார்கள். அப்படிப்பட்ட ஒற்றை அமர்வு விசாரிப்பு மனவடு நோயைத் தடுப்பதாகத் தெரியவில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் மீளாய்வு 2002இலேயே சொல்லியிருந்தது. அது எங்கள் கரைக்கு வந்து சேர நாட்கள் பிடித்தன.

என் சொந்தப் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். 2013 டிசம்பரில், கரையோரக் கிராமம் ஒன்றின் பலநோக்கு மண்டபத்தில் இளைஞர்களுக்கு ஓர் அனர்த்தப் படத்தைக் காட்டி, பின்னர் கலந்துரையாடுவது என்று ஏற்பாடு செய்தோம். பார்க்க வருபவர்களிடம் முன்கூட்டியே பேசினேன், மனம் கலங்கினால் எழுந்து போகலாம் என்றேன், வாசலில் ஓர் ஆசிரியையை நிறுத்தி வைத்தேன். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்ற திருப்தியோடு இருந்தேன். யோசிக்காதது ஒலிபெருக்கியை. வாடகைக்கு எடுத்த பெரிய பெட்டிகள் இரண்டும் யன்னல் பக்கம் பார்த்திருந்தன. அலைக் காட்சி வந்தபோது மண்டபத்துக்குள் ஒருவரும் அசையவில்லை. ஆனால் பின்னால் இருந்த ஒழுங்கையில் மூன்று வீட்டார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பிரதான வீதிக்கு ஓடிவிட்டார்கள். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராக் கடலில் மீண்டும் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டு, எச்சரிக்கை விடுக்கப்பட்டு, கரையோரம் முழுவதும் ஓடியது அவர்களுக்கு முந்தைய ஆண்டு நினைவு. ஒரு தகப்பன் இடது காலில் மட்டும் செருப்போடு நின்று என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் ஏசவில்லை, ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகு என்னிடம் வருபவர்களிடம் கவனித்துக் கேட்டதில், படத்தை விட ஒலியே பலரை வீழ்த்துகிறது என்ற எண்ணம் எனக்கு வலுத்தது. கண்ணை மூடலாம், முகத்தைத் திருப்பலாம். காதுக்கு இமை இல்லை. இதை ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை, பார்த்த அளவில் சொல்கிறேன். ஜப்பானியர் இதை எங்களை விட நன்றாக அறிந்திருக்கிறார்கள் போலும்: நிலநடுக்கத்தைக் கருவாகக் கொண்டு 2022இல் அங்கு வெளிவந்த 'சுசுமே' என்ற படத்துக்கு முன்னதாக, அதில் நிலநடுக்க எச்சரிக்கை ஒலி போன்ற ஒலி வரும் என்று பார்வையாளர்களுக்கு அறிவித்தார்கள். 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் நடந்த சில நாட்களில், தொடக்கத்திலேயே ஆழிப்பேரலைக் காட்சி கொண்ட 'ஹியர்ஆஃப்டர்' என்ற ஹொலிவூட் படத்தை அங்குள்ள திரையரங்குகளிலிருந்து எடுத்தும் விட்டார்கள்.

இனி, பிழையா என்ற கேள்வி. செத்தவர்களை வைத்துக் காசு பார்க்கிறார்கள், நாம் சோளப்பொரி தின்றுகொண்டு பார்க்கிறோம் என்ற கூச்சம் பலருக்கு இருக்கிறது, எனக்கும் இருந்தது. ஆனால் பேரிடரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் கேட்பதும் நமக்குப் புதிய பழக்கமன்று. உங்கள் ஊர்த் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் நடப்பது என்ன? சூதில் நாட்டை இழந்தவர்கள் வனவாசம் போவதை ஊரே பின்னால் நடந்து போய்ப் பார்க்கிறது. எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியில் வழக்குரை பாடுகிறார்கள். கோவலன் கொலையுண்டு, மதுரை எரிவதை ஆண்டுதோறும் கேட்டுக் கண் கலங்குகிறார்கள். ஆனால் அந்தச் சடங்கு எரிந்த நகரத்தோடு ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதில்லை. குளிர்த்தி பாடி, அம்மனின் சினத்தை ஆற்றி, நீர் தெளித்த பிறகே அனுப்புகிறது. நாள் முன்பே தெரியும், முடிவு எல்லோருக்கும் தெரியும், உருவேறி விழுபவரைத் தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் ஆள் இருக்கிறது, பயந்த பிள்ளை தாயின் மடியில் தூங்கிவிடலாம். வீட்டில் ஓடும் படத்துக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அலை வடிந்ததும் பெயர்கள் ஓடுகின்றன, அடுத்த நிமிடம் சவர்க்கார விளம்பரம் வருகிறது. ஆகவே பார்ப்பது பிழை என்று நான் சொல்லமாட்டேன். குளிர்த்தி இல்லாமல் வழக்குரையை மட்டும் ஓட விடுகிறோம் என்பதே என் குறை.

படத்தில் உள்ளது எவ்வளவு உண்மை என்பதை மகனோடு பேசுவது அந்தக் குளிர்த்தியின் ஒரு பகுதியாகலாம். 2012இல் வெளிவந்த 'தி இம்பொசிபிள்' ஸ்பானியக் குடும்பமொன்றின் உண்மை அனுபவம். படத்தில் அக்குடும்பம் பிரித்தானியக் குடும்பமாக மாறிவிட்டது. அலைக் காட்சியில் பெரும்பகுதி ஸ்பெயினில் கட்டிய தண்ணீர்த் தொட்டியில் எடுக்கப்பட்டது. தாய்லாந்தில் அன்று இறந்தோர் 5,000க்கும் மேல், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டவர். இலங்கையில் 35,000க்கும் மேல், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேல். அந்தப் பத்தாயிரம் பேரின் பேரப்பிள்ளைகள் தம் ஊரில் நடந்ததை ஓர் உல்லாச விடுதியின் யன்னல் வழியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு வருத்தமுண்டு. படம் எடுத்தவர்களின் குற்றமாக அதைச் சொல்லவில்லை.

இதில் உயிரோடு தொடர்புடைய ஒரு வேறுபாடும் இருக்கிறது. கடல் உள்வாங்கினால் சுனாமி வருகிறது என்று படங்களும் காணொளிகளும் பிள்ளைகளுக்கு நன்றாகவே கற்றுக் கொடுத்துவிட்டன. தாய்லாந்துக் கரையில் அன்று அப்படித்தான் நடந்தது. ஆனால் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தபோது, பிளவின் மேற்குப் பக்கத்துக் கடற்றரை உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் கிழக்கே போன அலைக்கு முன்னால் பள்ளம் போனது. மேற்கே நம்மை நோக்கி வந்த அலை மேட்டை முன்னால் வைத்துக்கொண்டு வந்தது. நிலம் அதிர்ந்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் நம் கிழக்குக் கரையில் கடல் முதலில் ஏறியே வந்தது. பல இடங்களில் உள்வாங்கியது அதன் பிறகு, இரண்டு அலைகளுக்கு இடையில். தெற்கே பெரேலியவில் முதல் அலையில் நின்ற புகையிரதத்துக்குள் பாதுகாப்பென்று ஏறியவர்களை அடுத்த அலைதான் கொண்டுபோனது. எனவே உங்கள் மகனுக்கு ஒன்றை மட்டும் திட்டமாகச் சொல்லுங்கள்: கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும், ஆனால் உள்வாங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஒரு அலை வடிந்தால் முடிந்துவிட்டது என்று திரும்பி வரவும் கூடாது.

திரைக்கதைக்கு ஒரு தீயவரும் ஒரு முடிவும் தேவைப்படுகின்றன என்பதால் உண்மை வளைக்கப்படுவது இந்தப் படத்தோடு நின்றதல்ல. 1997இன் 'டைட்டானிக்' படத்தில் முதல்நிலை அதிகாரி வில்லியம் மர்டொக் பயணியைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்வதாகக் காட்டினார்கள். அதற்கு உறுதியான சான்று கிடையாது. ஸ்கொட்லாந்தில் அவர் பிறந்த டல்பீற்றி என்ற சிற்றூர் மனம் நொந்தது. மறு ஆண்டு படநிறுவனத்தின் சார்பில் ஒருவர் அங்கே போய் மன்னிப்புக் கேட்டு, ஊர்ப் பாடசாலைக்கு 5,000 பவுண் கொடுத்தார். அணு உலை விபத்தைப் பற்றிய 2019இன் 'செர்னோபில்' தொடர் எவ்வளவோ சிரத்தையோடு எடுக்கப்பட்டது. ஆயினும் அதில் வரும் பெண் விஞ்ஞானி பல விஞ்ஞானிகளுக்குப் பதிலாகப் படைக்கப்பட்டவர், வழக்கு மன்றத்தில் உருக்கமாகப் பேசும் விஞ்ஞானி லெகசொவ் உண்மையில் அந்த வழக்குக்குப் போகவேயில்லை, முதல் நாட்களில் விழுவதாகக் காட்டப்படும் ஹெலிகொப்டர் பல மாதங்கள் கழித்து 1986 ஒக்டோபரில் விழுந்தது. அந்தப் பெண் பாத்திரம் கற்பனை என்பதைத் தொடரின் முடிவில் அவர்களே எழுதிக் காட்டியது எனக்குப் பிடித்தது. நம் தமிழில், 2008இன் 'தசாவதாரம்' படத்தில் ஆழிப்பேரலையின் உப்புநீர் ஒரு கொடிய கிருமியை அழிக்கப் பயன்பட்டது. அது கற்பனைக் கதை, யாரையும் பழிக்கவில்லை. என்றாலும் நான்கு ஆண்டு கூடக் கழியாத நிலையில் அரங்கில் இருந்து அதைப் பார்த்தபோது, எந்தப் பிழையான தகவலும் எனக்குத் தந்திராத எரிச்சலை அது தந்தது.

நேரில் கண்டவர்கள் இந்தத் திருத்தங்களை வேறு மாதிரிச் செய்கிறார்கள். நாவலடிப் பக்கத்துக் கடற்றொழிலாளி ஒருவர், தாமாகவே விரும்பி, பகல் நேரத்தில், மருமகனின் கையடக்கத் தொலைபேசியில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். எனக்குச் சொல்லும்போது அவர் அலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. "அவங்கட தண்ணி மண் நிறம் தம்பி, எங்கட தண்ணி கறுப்பு" என்றார், ஒரு கணக்கைச் சரி பார்ப்பவர் போல. அவரால் பார்க்க முடியாமற் போனது ஆஸ்பத்திரிக் காட்சி: ஒரு பையன் கட்டிலுக்குக் கட்டில் போய்ப் பெயர் கேட்டுத் தேடுகிறானே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வலை பின்னப் போய்விட்டாராம். இரண்டு நாள் கழித்து மீதியைப் பார்த்தாராம். அவருடைய விரலே அதை நிறுத்தியது, அவருடைய விரலே மறுபடி தொடங்கியது. அவருக்கு அது நன்மை செய்ததா? தூக்கம் கெடவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். இப்படியான படங்கள் மனத்தை ஆற்றுகின்றன என்று எவராவது உங்களிடம் அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். ஆற்றவே ஆற்றாது என்பவரையும் அப்படியே.

மகனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிழையாக இருந்தால் நீங்கள் திருத்திக்கொள்ளலாம், ஏனெனில் நான் அவனைக் கண்டதில்லை. 2004க்குப் பின் பிறந்த பிள்ளைகள் பலர் இந்தப் படங்களைத் தேடிப் போவதற்கு விறுவிறுப்பு மட்டும் காரணமன்று. வீட்டுச் சுவரில் மாலை போட்ட ஒரு படம் தொங்குகிறது. ஆண்டுக்கொரு முறை, டிசம்பர் 26 காலை 9.25க்கு, நாட்டோடு சேர்ந்து இரண்டு நிமிடம் எழுந்து நிற்கிறார்கள். மற்றைய நாட்களில் அந்தப் பெயரை எடுத்தால் பேச்சு மாறிவிடுகிறது. பிள்ளை கேட்க முடியாததைத் திரையில் தேடுகிறது. உங்கள் மகன் அவனுடைய மாமாவைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறான்? அலையைப் பற்றி அம்மம்மாவிடம் கேட்க வேண்டாம். மாமாவுக்குப் பிடித்த கறி எது, எந்த வாங்கில் இருந்து படித்தார், சைக்கிள் ஓட எப்போது பழகினார் என்று கேட்கலாம். கேட்டால் அழுவார் என்று நீங்கள் தயங்குவீர்கள். அழுவார்தான். அந்த அழுகையும் கிணற்றடியில் பேச்சின்றி உட்கார்ந்திருப்பதும் ஒன்றல்ல.

அம்மாவின் எழுந்து போதலை நோயாகப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தமக்கு எது வேண்டாம் என்று தெரிந்து, சண்டை பிடிக்காமல், இருக்கக் கூடிய ஓர் இடத்தைத் தேடிக்கொண்டார். நான் சொல்லிக் கொடுக்கக் கூடியதும் அதற்கு மேல் அதிகமில்லை. ஆனால் படம் ஓடிய நாளுக்குப் பிறகு இரவில் திடுக்கிட்டு விழிப்பது, கடற்கரைப் பக்கம் போகவே மறுப்பது, சாப்பாடு குறைவது போன்றவை வாரக்கணக்கில் நீடித்தால், ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பேச மட்டும் விரும்பினால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கம் இருக்கிறது. மகன் மீண்டும் பார்க்க விரும்பினால் டிசம்பர் மாதத்தைத் தவிர்த்து, இரவைத் தவிர்த்து, ஹெட்போன் போட்டுப் பார்க்கட்டும். முடிந்தால் நீங்கள் பக்கத்தில் இருங்கள். முதல் நாளே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: நாளைக்குப் பத்து மணிக்குத் தம்பி அந்தப் படத்தைப் பார்க்கப் போகிறான் என்று. அவர் அக்கா வீட்டுக்குப் போகலாம், கிணற்றடியிலேயே இருக்கலாம், உள்ளே வந்து ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு எழும்பியும் போகலாம். எழும்பினால், எங்கே போகிறீர்கள் என்று எவரும் கேட்க வேண்டாம்.